மேனேஜர் அறைக் குளிர்

குளிர் என்றால் குளிர், அப்படி ஒரு குளிர்! அவினாசி ரோட்டுப் புதுக் கட்டடத்தில் மற்ற அறைகளிலெல்லாம் ஏசி சீராகத்தான் ஓடியது. ஜெனரல் மேனேஜர் ஞானசிகாமணியின் அறையில் மட்டும் பல் தந்தியடித்தது. விருதோடு வந்த பொன்னாடையைப் போர்த்திக்கொண்டு, புது ஏசியை ஓட்டிக் காட்டி ஒப்படைக்க வந்த மெக்கானிக் சென்னியப்பனை நாலு இன்ஜினியர்கள் முன்னால் நிறுத்தினார்.

“பத்து நிமிஷத்துல குளிர் அடங்கணும். கூரையைப் பிரிக்கக் கூடாது, இங்க எதையும் தொடக் கூடாது. முடிஞ்சா வேலை முடிஞ்ச பேப்பர்ல கையெழுத்து. முடியலைன்னா எல்லாத்தையும் கழட்டிட்டுக் கிளம்பு!”

சென்னியப்பன் சுவரைப் பார்த்தான். அறையின் சூட்டை அளக்கும் சின்னப் பெட்டி அங்கே இருந்தது. அது சூடு என்று சொன்னால், கூரைக்குள் இருக்கும் காற்றுக்குழாய் மூடி முழுசாகத் திறந்து குளிர்காற்றைக் கொட்டும். பெட்டியை ஒட்டி மேனேஜர் விருது வாங்கும் ஆளுயரப் படம். படத்துக்கும் பெட்டிக்கும் சேர்த்துச் சூடு கக்கியபடி ஒரு பெரிய விளக்கு.

“ஆகட்டுங்க. நான் கையே வைக்கலீங்க. நீங்களே அந்த விளக்கை மட்டும் அணைச்சுடுங்க.”

முறைத்துக்கொண்டே அணைத்தார். ஏழாவது நிமிஷம் காற்றின் இரைச்சல் தணிந்தது. ஒன்பதாவது நிமிஷம் பொன்னாடை நாற்காலிக்குப் போனது.

“என்னய்யா பண்ணே?”

“நான் ஒண்ணும் பண்ணலீங்க. உங்க புகழ் வெளிச்சம் பட்டு மெஷினுக்கு வேர்த்துப் போச்சுங்க. அறையே கொதிக்குதுன்னு நினைச்சுக் குளிரை அள்ளி ஊத்தியிருக்கு.”

நாலு இன்ஜினியர்களும் சிரிப்பை மறைக்க ஜன்னல் பக்கம் திரும்பினார்கள். ஞானசிகாமணி கையெழுத்துப் போட்டார்.

படம் இன்னும் அங்கேதான் இருக்கிறது. இருட்டில் சிரிக்கிறது.