வாசலில் காத்திருந்த குண்டு

கேட்பவர்களே, காதை அகலத் திறந்து வையுங்கள். வாக்கை மட்டும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொள்ளுங்கள். தலைவரை நம்பியவன்கூட எப்படியோ பிழைத்துக்கொள்வான். தலைவரைப் பற்றிய பேச்சை நம்பியவன் பிழைத்ததாக நான் அறியேன்.

மேல்நாச்சியூர்ப் பட்டாளத் தெருவின் ஆண்கள் இருபத்தொன்பது பேர் எல்லைப் போருக்குப் போயிருந்த சமயத்தில் தேர்தலும் வந்து சேர்ந்தது. அந்தத் தெருவுக்கு ஒரு வழக்கம் உண்டு. எதிரெதிர்க் கட்சிப் பேச்சாளர்கள் இருவரையும் ஒரே மாலையில், ஒரே மேடையில், ஒரே ஒலிபெருக்கியின் முன்னால் நிறுத்தி மாறி மாறிப் பேசவிடுவார்கள். பிறகு தெரு முழுவதும் ஒரே பக்கம் வாக்களிக்கும். நானூறு வாக்குகள்!

ஆளுங்கட்சிப் பேச்சாளர் கோதண்டத்துக்கு அன்றைய மேடை கடைசி வாய்ப்பு. இருபது ஆண்டுகள் தொண்டை கிழியக் கத்தியும் வார்டு உறுப்பினர்கூட ஆகாதவர் அவர். "பட்டாளத் தெருவைப் பிடிச்சிட்டு வா, நகரமன்றத் தலைவர் சீட்டு உனக்குத்தான். கோட்டை விட்டே, என் வீட்டுப் பக்கம் தலைவெச்சுப் படுக்காதே" என்று தலைவர் தாமோதரனார் சொல்லி அனுப்பியிருந்தார்.

கோதண்டம் தொடங்கினார். "தாய்மார்களே! போர் ஆரம்பிச்ச மொத நாளு. எதிரி விமானம் நம்ம ஊருக்கு மேல வந்துது. தலைவர் மொட்டை மாடியில நின்னு துண்டை ஒரு உதறு உதறினார். அந்தக் காத்துல விமானம் குட்டிக்கரணம் போட்டு, வந்த வழியே ஓடிடுச்சு!"

முன்வரிசையிலிருந்த ஓய்வுபெற்ற சுபேதார் எத்திராஜ் கேட்டார்: "இன்னா வகை விமானம், தம்பி?"

"பெரிய வகைங்க ஐயா."

எதிர்க்கட்சிப் பேச்சாளர் பிச்சாண்டி ஒலிபெருக்கியைப் பிடுங்கினார். "துண்டுக் காத்தா? அது எங்க தலைவர் குணபூஷணம் விட்ட கொட்டாவிம்மா! பதவி போயும் அவர் மூச்சு போகலை பாருங்க. தும்மியிருந்தார்னா எதிரி நாடே இருந்திருக்காது. பாவம், பொழைச்சிப் போகட்டும்னு மூக்கைப் பொத்திக்கிட்டு அன்னியிலிருந்து தூங்காம உக்காந்திருக்கார்!"

"எங்க தலைவர் தூங்கியே நாட்டைக் காப்பாத்தினவரு!" கோதண்டத்துக்குச் சூடு பிடித்துவிட்டது. "எதிரி போட்ட குண்டு நேரா அவர் வீட்டு வாசலுக்கு வந்துது. 'ஐயா தூங்குறாரு, அப்புறம் வா'ன்னுட்டாரு உதவியாளர். குண்டு மூணு மணி நேரம் பெஞ்சுல உக்காந்து பார்த்துது. கடைசியில மனுவைக் குடுத்துட்டுத் திரும்பிப் போயிடுச்சு!"

"குண்டுக்குப் பெஞ்சு போட்டாங்களா? என்னை வெயில்லயே நிக்கவெச்சாங்களே!" என்றாள் தனபாக்கியம். போருக்குப் போன கணவனிடமிருந்து இரண்டு மாதமாகக் கடிதம் இல்லையே, விசாரித்துச் சொல்லுங்கள் என்று தாமோதரனார் வீட்டு வாசலுக்கு மனுவோடு அலைந்தவள் அவள்.

கூட்டம் சிரித்தது. கோதண்டமும் மகிழ்ந்துபோனார். மேடையேறுபவர்களே, இந்தப் பிழையை மட்டும் செய்யாதீர்கள்: சிரிப்பை வாக்கென்று எண்ணிவிடாதீர்கள். பலூன் ஊதுகிறவனுக்கு அது பெருப்பதுதான் கண்ணில் படும். கூட்டத்தில் ஊசியோடு நிற்பது யாரென்று தெரியாது.

பிச்சாண்டி விடவில்லை. "எங்க தலைவர் பனிமலையை ஒத்தைக் கையால நகர்த்தி வெச்சார்! காலையில எதிரி கண்ணு முழிச்சா, ஒளிய மலையைக் காணோம்!"

கோதண்டம் குறுக்கே பாய்ந்தார். "அந்த மலை இப்ப எங்க இருக்குன்னு கேளுங்க. எங்க தலைவர் சட்டைப் பையில! இன்னும் சொல்றேன். அவர் ஒருத்தர் எல்லையில போய் நின்னாப் போதும். துப்பாக்கி வேணாம், பீரங்கி வேணாம், பட்டாளமே வேணாம்!"

சிரிப்பு சட்டென்று நின்றது. வேறெந்தத் தெருவிலும் கைதட்டல் வாங்கியிருக்கக்கூடிய சொல் அது.

தனபாக்கியம் எழுந்து நின்றாள். "பட்டாளமே வேணாமாண்ணா?"

"வேணவே வேணாம்மா!"

"அப்போ எங்க ஊட்டு ஆம்பளைங்க இருபத்தொம்பது பேரையும் திருப்பி அனுப்பிடுங்க. உங்க தலைவர் அங்க போயி நிக்கட்டும். அவங்க ரயிலை விட்டு எறங்குற அன்னிக்கு நானூறு ஓட்டும் உங்களுக்குத்தான்."

சுபேதார் நிதானமாகச் சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து விரித்தார். "பட்டாளத்துக்கு ஆள் எடுக்கிற படிவம். வயசை நான் மேல பேசிக்கிறேன். தலைவருக்கு நெஞ்சளவு எவ்ளோ, தம்பி?"

கோதண்டம் படிவத்தைப் பார்த்தார். அளவைச் சொன்னால் தலைவர் தோலை உரிப்பார். சொல்லாவிட்டால் நானூறு வாக்கும் போகும். எந்தப் பக்கம் திரும்பினாலும் நகரமன்ற நாற்காலி கண்ணெதிரே கரைந்துகொண்டிருந்தது. தெருவே அவர் வாயைப் பார்த்தது. இருபது ஆண்டுப் பேச்சு வாழ்க்கையில் முதன்முறையாக அவர் குரலைத் தாழ்த்தினார்.

"ஐயா... தலைவருக்கு முட்டி வலிங்க."

ஒலிபெருக்கி அதைத் தெருக்கோடிவரை கொண்டுபோய்ச் சேர்த்தது. சுபேதார் படிவத்தைப் பிச்சாண்டியின் பக்கம் திருப்பினார். "உங்க தலைவர்?"

பிச்சாண்டி தாவி ஒலிபெருக்கியைப் பற்றினார்.

"அவருக்கு ஒரு முட்டிதான்யா வலி! எங்க தலைவருக்கு ரெண்டு முட்டியும்!"

தனபாக்கியம் பாயைச் சுருட்டிக்கொண்டாள். "எழுந்திருங்கடி, போலாம். அவங்க தைலம் தடவிக்கட்டும்."