மூக்கில் ஒரு மஞ்சள் கோடு

அன்று சென்னியப்பன் மாஸ்டரிடம் திருமூர்த்தி கேட்க வந்தது ஒரு கேள்வி. இருபத்துமூன்று வருஷமாகக் கேட்காமல் சுமந்துகொண்டிருந்தது வேறொன்று.

போத்தனூரில் மாஸ்டர் வீட்டு வாசலில் அவன் காரை நிறுத்தும்போது காலை ஒன்பது மணி. பன்னிரண்டு மணிக்குள் ஒரு முடிவு சொல்லியாக வேண்டும். அவனுடைய ரேஸ் டீமில் இந்த வருஷம் ஒரே ஒரு சீட் காலி. வந்து நிற்பதோ இரண்டு பேர். சேலத்துப் பையன் சஞ்சித், தர்மபுரிப் பெண் மகிழினி. இரண்டு பேருக்கும் பத்தொன்பது வயது. இதை விட்டால் அடுத்த வருஷம்தான். அந்த வயதில் அடுத்த வருஷம் என்பது அடுத்த ஜென்மம்.

மாஸ்டர் காபியை ஆற்றிக்கொண்டிருந்தார். செட்டிபாளையம் ட்ராக்கில் ஒரு காலத்தில் பையன்களுக்கு ஃபார்முலா கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர். யாரையும் வாய்விட்டுப் பாராட்டியதாகச் சரித்திரம் இல்லை. "பரவால்ல" என்று அவர் சொல்லிவிட்டால் பையன்கள் அன்றைக்குப் பிரியாணி சாப்பிடுவார்கள்.

"சீட்டை ஆருக்குக் குடுக்கறதுன்னு தெரியிலீங்க மாஸ்டர்."

"ரெண்டு பேருல ஆரு வேகம்?"

"அந்தப் பொண்ணுங்க. ஆனா அங்கதான் இடிக்குது."

"சொல்லு."

"நேத்து ரெண்டு பேரையும் அஞ்சஞ்சு ரவுண்டு ஓட்டச் சொன்னனுங்க. வந்து நின்னதும், 'மூக்கைக் கொஞ்சம் மாத்தித் தர்றேன், வளைவுல இன்னும் நல்லாத் திரும்பும்'னு சொல்லிட்டு ஸ்பேனரோட குனிஞ்சேன். சும்மா கையை ஆட்டிட்டு நிமிந்துட்டேன். ஒண்ணும் திருகலைங்க."

ரேஸ் கொட்டகைகளில் இது தெரிந்த தந்திரம்தான். ஃபார்முலா காருக்கு நீளமான மூக்கு. அதன் இரண்டு பக்கமும் சின்ன இறக்கை. ஒரு போல்ட்டைத் திருகி இறக்கையைச் சாய்த்தால் முன்சக்கரம் தரையை இன்னும் அழுத்திப் பிடிக்கும். ஓட்டுகிறவன் வந்து சொல்வதை நம்பித்தான் மெக்கானிக் அதைத் திருகுவார். இல்லாததை இருக்கிறது என்று சொல்லுகிறவன் ஒரு டீமையே தப்பான வழியில் இழுத்துப் போவான். அதனால் சீட் கொடுக்கும் முன்னால் இப்படி ஆழம் பார்ப்பதுண்டு.

"பையன் என்ன சொன்னான்?"

"'எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியல சார், தப்பா நினைக்காதீங்க'ன்னான். அதே டைமிங்குங்க."

"பொண்ணு?"

"அரை செகண்டு கொறச்சுட்டு வந்துட்டாளுங்க! எறங்கறதுக்கு முன்னயே ஹெல்மெட்டுக்குள்ள இருந்து ஒரே கத்து."

"என்னன்னு?"

"'இப்பத்தான் சார் மூக்கு தரையைக் கடிக்குது'ன்னு."

சொல்லிவிட்டுத் திருமூர்த்தி சிரித்தான். மாஸ்டர் சிரிக்கவில்லை. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அவனையே பார்த்தார்.

அவனுடைய சிரிப்பு பாதியில் நின்றது. அந்த வார்த்தையை அவன் முன்பே கேட்டிருக்கிறான். அவனுடைய சொந்தக் குரலில்.

மாஸ்டரிடம் அவன் ஓட்டப் பழகிய காலத்திலும் ஒரு சீட்தான். அவனும் ஜோயலும். இருவருக்கும் சேர்த்து ஒரே ஜோடி கையுறை. ஓட்டி முடித்தவன் கழற்றிக் கொடுக்க, அடுத்தவன் அந்தச் சூட்டோடு மாட்டிக்கொள்வான். மார்கழிக் காலையில் ட்ராக் மேல் பனி கிடக்கும். அது விலகும்வரை டயர் மேல் உட்கார்ந்து, ஜோயல் வீட்டு ஆப்பத்தையும் திருமூர்த்தி வீட்டுப் புளிசாதத்தையும் மாற்றி மாற்றித் தின்பார்கள். பெட்ரோல் நாற்றம் சோற்றில்கூட இருக்கும். அந்தச் சோறு மாதிரி அதற்கப்புறம் அவன் எங்கேயும் சாப்பிட்டதில்லை.

சீட் முடிவாகும் கடைசி நாள் காலையில் காரைத் தயார் செய்ததும் அவன்தான். போல்ட்டை முறுக்கி முடித்ததும், போல்ட் மேலும் பக்கத்துத் தகட்டின் மேலும் சேர்த்துப் பெயிண்டால் ஒரு கோடு இழுத்துவிட வேண்டும் என்பது மாஸ்டர் சட்டம். மயிரிழை திருகினாலும் கோடு உடைந்து காட்டிக்கொடுத்துவிடும். அன்றைக்குப் பதற்றத்தில் அவன் அவசரமாக இழுக்க, மஞ்சள் பெயிண்ட் கோணலாக ஓடி ஒரு சொட்டு கீழே வழிந்துவிட்டது. மாஸ்டர் பார்த்துவிட்டு, "இதென்ன கோடா, கம்பளிப்பூச்சியா?" என்றார்.

ஓட்டினான். வந்தான். மாஸ்டர் ஸ்பேனரோடு மூக்கருகே குனிந்தார், நிமிர்ந்தார். மறுபடி ஓட்டினான். அரை செகண்டு குறைந்தது. மூக்கு கடிக்கிறது என்று அவனும் அப்படித்தான் கத்தினான். அதே காரை ஓட்டிவிட்டு ஜோயல், "எனக்கு ஒண்ணும் தெரியல மாஸ்டர்" என்று தலையைச் சொறிந்தபோது, பாவம் இவனுக்குக் கை மரத்துப்போய்விட்டது என்று உள்ளூரச் சந்தோஷம்கூடப் பட்டான்.

சாயங்காலம் மாஸ்டர் சொன்னது ஒரே வரி. "சீட்டு ஜோயலுக்கு."

கையுறையை ஜோயலிடம் கொடுத்துவிட்டுத் திருமூர்த்தி பஸ் ஏறினான். திரும்பிப் பார்க்கவில்லை. மாஸ்டர் ஸ்பேனர் போட்டுக் கொடுத்த வேகத்துக்கே சீட் இல்லை, சொந்த வேகம் எந்த மூலைக்கு என்று நினைத்தான். அதற்கப்புறம் அவன் ரேஸ் காரில் உட்காரவில்லை. மூன்று வருஷம் கழித்துக் கோபம் ஆறியது. பொங்கலுக்குப் பொங்கல் மாஸ்டரைப் பார்க்க வந்தான். பழனிப் பஞ்சாமிர்தம் கொண்டுவந்தான். சொந்தமாக டீம் வைத்து, மற்றவர்களை ஓட்டவைத்தான். அந்த நாளைப் பற்றி மட்டும் இருவரும் பேசியதே இல்லை.

"மாஸ்டர்... அன்னிக்கு..."

மாஸ்டர் எழுந்து பின்பக்கத்து ஷெட்டுக்குப் போனார். திருமூர்த்தியும் போனான். பரண் மேலிருந்து பழைய வேட்டியில் சுற்றிய நீளமான ஒன்றை இருவருமாக இறக்கினார்கள்.

"பிரி" என்றார் மாஸ்டர்.

காரின் மூக்கு. சிவப்பு வெளிறி, செங்கல் நிறமாகிவிட்டிருந்தது. இறக்கைப் பக்கம் தூசி திரண்டிருந்தது. திருமூர்த்தி கைக்குட்டையால் துடைத்தான்.

மஞ்சள் கோடு தெரிந்தது. கோணலாக, போல்ட்டிலிருந்து தகட்டுக்கு. ஒரு சொட்டு கீழே வழிந்து காய்ந்திருந்தது.

அதன் மேல் விரலை வைத்து இழுத்தான். எங்கேயும் உடையவில்லை.

"நீங்க திருகவே இல்லீங்களா?"

"இல்லை."

"ஜோயல் ஓட்டுனப்ப?"

"அப்பவும் இதைத் திருகலை. ரேஸுக்கு அவனுக்கு வேற மூக்கு மாட்டிக் குடுத்தேன். இதை அன்னிக்கே கழட்டி எடுத்துட்டு உன்னைத் தேடுனேன். உங்கிட்டக் காட்டோணும்னு. நீ பஸ் ஏறிட்டே."

"அப்பறம் எத்தனை தடவை வந்திருக்கேனுங்க! ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதுங்களா?"

"வந்தே." மாஸ்டர் வேட்டியை மடித்தார். மடித்ததையே திரும்ப மடித்தார். "ஒவ்வொரு தடவை நீ வர்றப்பவும் இன்னொரு வருசம் கூடிப் போயிருந்துது."

ஷெட்டுக்கு வெளியே யாரோ ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டிருந்தார்கள். அது கிளம்பவில்லை.

"அப்ப, அந்த அரை செகண்டு..."

"உன்னுது."

திருமூர்த்திக்குக் கண் நிறைந்துவிட்டது. நாற்பத்திரண்டு வயது மனிதன், தொந்தி வேறு, ஓட்டைக் காரின் மூக்கைக் கட்டிக்கொண்டு அழுதான். மாஸ்டர் மேல் கோபம் வந்தது. பத்தொன்பது வயதுப் பையன் ஒருவன் அன்றைய பஸ் ஜன்னலில் உட்கார்ந்திருந்தான், அவன் மேல் இரக்கமாக வந்தது. அந்தப் பையனை எட்டிப் பிடித்து இறக்கிவிட முடியாது என்பதுதான் தாங்க முடியவில்லை.



முகத்தைத் துடைத்துக்கொண்டு, திருமூர்த்தி கேட்க வந்ததைக் கேட்டான்.

"இப்பச் சொல்லுங்க மாஸ்டர். சீட்டை ஆருக்குக் குடுக்கறது?"

"அந்தப் பொண்ணுக்கு ஊருக்கு எத்தனை மணிக்கு பஸ்?"

"பன்னண்டரைக்குங்க."

"நீ திருகலைன்னு அவளுக்குத் தெரியுமா?"

"தெரியாதுங்க."

மாஸ்டர் அவன் கையிலிருந்து மூக்கை வாங்கிக் கீழே வைத்தார்.

"சீட்டை நீ ஆருக்கு வேணாக் குடு, மூர்த்தி. அவ பஸ் ஏறுறதுக்குள்ள நீ திருகலைங்கறதைச் சொல்லிப்போடு."