போதும் என்று சொல்ல வருகிறவர்

குழந்தைவேலுவுக்கு ஐம்பது தாண்டிவிட்டது. மலைக்கோயில் சப்பரத்தின் முன்தண்டு பரம்பரையாக அவர் குடும்பத்துத் தோளுக்குத்தான். போன வருஷம் பாதிப் படியிலேயே அவருக்கு மூச்சு வாங்க, தண்டை வேறொருவர் வாங்கிக்கொண்டார். எல்லார் முன்னாலும் அப்படி ஆகிவிட்டதே என்று மனுஷர் குன்றிப்போனார். உடம்பைக் குறைக்கப் பட்டினி கிடந்தார். பட்டினியை விட்ட அன்றைக்கே இரண்டு பங்காகத் தின்று தீர்த்தார்.

அடிவார மடத்துக் குரு மருதவாணர் வயதில் இவருக்குத் தம்பி மாதிரி. ஆனாலும் குரு குருதான். அவரிடம் போய் நின்றார்.

"எனக்கு வைராக்கியமே கிடையாதா சாமி? சோத்தைக் கண்டா ஏன் இப்படி ஆகிறேன்?"

குரு அவரை அடுக்களைக்கு அழைத்துப் போனார். இன்றைக்கு அடுக்களை உங்கள் பொறுப்பு, போதும் என்று ஆள் வரும்வரை சோறு போகட்டும் என்றார்.

அந்த மடத்தில் ஒரு வழக்கம். பந்தியில் "அன்னம்" என்று எவ்வளவு உரக்கவும் கூப்பிடலாம். "போதும்" என்று மட்டும் கத்தக் கூடாது. அது அன்னத்துக்கு மரியாதை இல்லையாம். பந்தியைக் கவனித்துக்கொள்ளும் கண்ணாயிரம் என்பவர்தான் நடந்துவந்து அடுக்களையில் காதோடு சொல்ல வேண்டும். கண்ணாயிரத்துக்கோ முழங்கால் வலி.

குழந்தைவேலு சும்மா இருப்பாரா? வாளி வாளியாக அனுப்பித் தள்ளினார். கண்ணாயிரம் வந்து சேர்வதற்குள் இலையெல்லாம் சோறு குவிந்துவிட்டது. பந்திக்கு வந்து பார்த்ததும் குழந்தைவேலுவுக்கு மனசு பதறியது.

"தப்பு யார் மேல?" என்றார் குரு.

"அவர் மேல இல்ல சாமி. அவர் நடை அவ்வளவுதான். நான்தான் கொஞ்சம் நின்னு அனுப்பியிருக்கணும்."

"உங்க குடல்லயும் ஒரு கண்ணாயிரம் இருக்கார். அவரும் போதும்னு சொல்லத் தலை வரைக்கும் நடக்கணும்ல?"



அன்றுமுதல் குழந்தைவேலு கொஞ்சம் சாப்பிடுவார், கையை இலையிலேயே வைத்துக்கொண்டு சும்மா இருப்பார். என்னண்ணே, இலையோடு பேச்சுவார்த்தையா என்று பக்கத்து இலைக்காரர்கள் கிண்டலடித்தார்கள். அடிக்கட்டுமே, அவருக்கென்ன!

அடுத்த திருவிழாவில் முன்தண்டு குழந்தைவேலுவின் தோளில் ஏறியது. உச்சிப்படி வரை இறங்கவே இல்லை. போன வருஷம் தண்டை வாங்கியவரே ஓடிவந்து கட்டிக்கொண்டார். சந்தோஷத்தில் குழந்தைவேலுவுக்குக் கண் கலங்கிவிட்டது.

அன்றைய பந்தியில் குருவே பாயச வாளியோடு வந்தார்.

"இன்னொரு கரண்டி?"

"வேண்டாம் சாமி. கண்ணாயிரம் வந்துட்டார்."

குரு சிரித்தார்.

"அப்ப வந்தவரை நிக்க வைக்காதீங்க. இலையை மடிங்க."