மெயிலில் போன வேலை

ஆம்பூர்ப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் தையல் மெஷின் ஓட்டிய பூங்காவனத்தை வேலையை விட்டு நீக்கினார்கள். பூட்டியே கிடந்த கழிப்பறைக்குச் சாவி கேட்டாள், அவ்வளவுதான் குற்றம். அதையும் முகத்துக்கு நேரே சொல்லாமல் மெயிலில் அனுப்பினார்கள். அவள் தொழிலாளர் நீதிமன்றத்துக்குப் போனாள். நீதிமன்ற நோட்டீஸும் மெயிலில்தான், அவளை நீக்கிய மெயில் வந்த கம்பெனியின் அதே முகவரிக்குப் போனது.

விசாரணை நாளில் கம்பெனி மேனேஜர் வேதநாயகம் கோட்டு மாட்டிக்கொண்டு நீதிபதி முன் வந்து நின்றார். "மெயில் அனுப்பிட்டா சேர்ந்ததா அர்த்தமாங்கய்யா? கையில கொடுத்துக் கையெழுத்து வாங்கணும். இந்த வழக்கே செல்லாது."

நீதிபதி திரும்பினார். "நீங்க என்னம்மா சொல்றீங்க?"

"சார் சொல்றது நியாயம்தாங்கய்யா" என்றாள் பூங்காவனம். "என்னை நீக்கின மெயிலுக்கும் நான் கையெழுத்துப் போடல. அப்ப நான் இன்னும் வேலையிலதான் இருக்கேன். நாளைக்கு ஷிப்டுக்கு வரேன் சார், அந்தச் சாவியை மட்டும் எடுத்து வைங்க."