முன்னூறு கோடிப் படத்தில் கஜபதி

வடபழனியில் ஒரு குரு இருந்தார். தாடி கிடையாது, காவி கிடையாது, மௌனவிரதம் சுத்தமாகக் கிடையாது. சினிமாவுக்குச் சண்டைக் காட்சி அமைத்துக் கொடுப்பவர். பெயர் அகஸ்டின். எல்லோரும் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள்.

அவரிடம் பதினொரு வருடமாகத் தொழில் பழகியவர் கஜபதி. ஹீரோக்களுக்கு டூப் போடுகிறவர். குருவைவிடச் சீடருக்கு இரண்டு வயது கூட. ஆனாலும் மாஸ்டர் அவரை நீ என்பார், அவர் மாஸ்டரை நீங்க என்பார். அதில் யாருக்கும் ஒரு வருத்தமும் இருந்ததில்லை.

ஒரு சனிக்கிழமை காலை கஜபதி ஒத்திகைக் கொட்டகைக்கு வந்தார். வந்தவர் உள்ளே வராமல் வாசலிலேயே நின்றார்.

"என்ன கஜா, பொண்ணு பாக்க வந்தவன் மாதிரி வெளியவே நிக்கிற?"

"போதும் மாஸ்டர். மச்சான் அம்பத்தூர்ல ஒரு வேலை பாத்து வச்சிருக்கான். கோடவுன் சூப்பர்வைசர். திங்கக்கிழமை வந்து சேரச் சொல்றாங்க."

மாஸ்டர் எழுந்து வாசலுக்கு வந்தார்.

"ஏன், என்னாச்சு?"

"படம் பாத்தேன்."

எந்தப் படம் என்று கேட்கத் தேவையே இல்லை. அந்த வாரம் ஊரில் ஒரே பேச்சுதான். வெள்ளி உடை போட்ட ஹீரோ வானத்தில் பறந்து சென்னையைக் காப்பாற்றுகிற படம். முன்னூறு கோடி செலவு. வியாழக்கிழமை கட்அவுட்டுக்குப் பால் ஊற்றியவர்கள் வெள்ளிக்கிழமை கொட்டாவி விட்டார்கள். அந்த வெள்ளி உடைக்குள் பதினான்கு மாதம் கிரேனில் தொங்கியது கஜபதி. நடுவில் ஒரு நாள் தோள்பட்டை கழன்று, இரண்டு மாதம் கையைத் தொட்டிலில் போட்டுக்கொண்டு திரிந்தார்.

"படம் ஊத்திக்கிச்சுன்னு வருத்தமா?"

"அது பாக்காததா மாஸ்டர்? எத்தனை படம் ஊத்திக்கிச்சு."

"அப்புறம்?"

"வீட்டுக்காரி அம்சாவைக் கூட்டிட்டுப் போனேன். ஹீரோ பறக்கும்போதெல்லாம் 'இது நீங்களா, இது நீங்களா'ன்னு கேட்டா. மொதல்ல ஆமான்னேன். அப்புறம் தெரியலைன்னேன். இன்டர்வெலுக்கு மேல அவ கேக்கறதையே விட்டுட்டா."

கஜபதி வாசல்படியிலேயே உட்கார்ந்தார்.

"மொகத்தைக் காட்ட மாட்டாங்க, அது தெரிஞ்ச கதை. இதுல ஒடம்பையும் சேத்து மாத்தி வரைஞ்சு வச்சிருக்காங்க. எது நான், எது கம்ப்யூட்டர்னு எனக்கே புரியல. பக்கத்து சீட்டுக்காரன் 'எல்லாம் கிராஃபிக்ஸுப்பா'ங்கறான். அவன்கிட்ட நான் என்னத்தச் சொல்ல? நீங்க சொல்லுங்க மாஸ்டர். அந்தப் படத்துல நான் இருக்கேனா, இல்லையா?"

வேறு குருவாக இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு ஆற்றையும் கடலையும் பற்றி ஏதாவது சொல்லியிருப்பார். அகஸ்டின் மாஸ்டர் செல்போனை எடுத்தார். வரிசையாக ஆறு பேருக்குப் போன் போட்டார்.

"மேட்னி ஷோ போறோம், வா," என்றார் கஜபதியிடம்.

"அந்தக் கண்றாவியை மறுபடியுமா?"

"டிக்கெட் கிடைக்குமோன்னு பயமே வேண்டாம்," என்றார் மாஸ்டர்.

தியேட்டரில் ஈ காக்கை இல்லை. ஆறு பேரும் முன்னாலேயே வந்து ஒரே வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். ரோப் இழுக்கிறவர்கள். ஹீரோ பறக்க வேண்டுமென்றால் டூப்பின் இடுப்பில் கயிறு கட்டி, அதைக் கிரேன் வழியாக விட்டு, மறுமுனையை இவர்கள் பிடித்துக்கொள்வார்கள். இழுத்தால் அவர் மேலே போவார். விட்டால் கீழே வருவார். பிறகு கம்ப்யூட்டரில் கயிற்றை அழித்துவிடுவார்கள். மூத்தவர் ராயப்பன். இருபத்தைந்து வருடமாக இழுக்கிறவர், கையைத் தொட்டால் உப்புத்தாள் மாதிரி இருக்கும்.

கஜபதி அவர்கள் பக்கத்தில் உட்காரப் போனார். மாஸ்டர் தடுத்தார்.

"முன் சீட்ல உக்காரு. இவங்க பக்கம் திரும்பி உக்காரு."

"படம்?"

"அதான் பாத்துட்டியே. இவங்க கையைப் பாரு."

படம் ஓடியது. முதல் பத்து நிமிடத்திலேயே ஹீரோ மேகத்தைக் கிழித்துக்கொண்டு பறந்தார். ராயப்பன் நிம்மதியாகச் சமோசா தின்றார். பக்கத்தில் இன்னொரு ரோப்காரர் காசி கன்னத்தைச் சொறிந்தார். மற்றவர்களின் கை மடியில் கிடந்தது. கஜபதிக்கு ஒன்றும் விளங்கவில்லை.

அடுத்து ஹீரோ ஒரு மாடியிலிருந்து எதிர் மாடிக்குத் தாவினார்.

சமோசா கீழே விழுந்தது. ஆறு பேரின் கைகளும் ஒரே நேரத்தில் மூடின. ஆறு முதுகும் பின்னால் சாய்ந்தன. பிறகு, ஒரு கைக்கு மேல் ஒரு கையாக, மெல்ல மெல்ல விட்டார்கள். கஜபதி திரும்பித் திரையைப் பார்த்தார். ஹீரோ பூப்போல மாடியில் இறங்கிக்கொண்டிருந்தார். அது செங்குன்றத்தில், ஒரு மே மாத வெயிலில் எடுத்தது. அது அவர்தான்.

கைகள் மடிக்குப் போயின. ஹீரோ நிலாவைச் சுற்றி வந்தார். மடியிலேயே இருந்தன. கண்ணாடிக் கூரையை உடைத்துக்கொண்டு உள்ளே பாய்ந்தார். மூடின. தாங்கள் இப்படிச் செய்கிறோம் என்பது அந்த ஆறு பேருக்கும் தெரிந்ததாகவே தோன்றவில்லை.

அதற்குப் பிறகு கஜபதி திரையைப் பார்க்கவில்லை. தேவைப்படவும் இல்லை.

இடைவேளைக்குப் பிறகு ராயப்பன் திடீரென்று பாதி எழுந்துவிட்டார். இரண்டு கையும் நெஞ்சோடு இறுகியிருந்தன. கழுத்து நரம்பு புடைத்தது. காசி பல்லைக் கடித்துக்கொண்டு, "தோளு, தோளு" என்று முனகினார். பாலத்திலிருந்து விழுகிற ஷாட். அன்றைக்குத்தான் கயிறு நடுவில் சிக்கிக்கொண்டு கஜபதியின் தோள் கழன்றது. மீதிக் கயிற்றை இவர்கள் விடாமல் பிடித்திருக்காவிட்டால் போயிருப்பது தோள் மட்டுமல்ல. அந்த ஷாட்டை வெட்டி எறிந்துவிட்டார்கள் என்றே அவர் இத்தனை நாள் நினைத்திருந்தார். படத்தில் அது இரண்டே விநாடி. ராயப்பன் உட்கார அதைவிட வெகுநேரம் ஆனது.

கஜபதிக்குக் கண்ணீர் வந்தது. துடைக்கத் தோன்றவில்லை. நன்றி என்று ஒரு சொல் இருக்கிறது, அது இந்தக் கைகளுக்குப் போதாது என்று மட்டும் தெரிந்தது.

படம் முடிந்து வெளியே டீ குடிக்கும்போது அவர் மெதுவாகக் கேட்டார்.

"ராயப்பண்ணே, படம் எப்படி?"

"கதை என்னான்னு மட்டும் கேட்டுடாத கஜா. எங்க பாத்தேன்? நீ நல்லபடியா எறங்குறியான்னு பாக்கவே சரியாப் போச்சு."

"நான் எறங்கி ஒரு வருஷம் ஆச்சேண்ணே."

ராயப்பன் தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டார்.

"ஆச்சுதான். இதுக்குத் தெரிய மாட்டேங்குதே."

காசி இடையில் புகுந்தார். "அந்தக் கண்ணாடி ஷாட்டப்போ நீ ரெண்டு கிலோ ஏறியிருந்த. அன்னிக்கே ராயப்பண்ணன் கண்டுபிடிச்சுட்டாரு. வீட்டுல அம்சா நல்லா ஆக்கிப் போடுது போல."

எல்லோரும் சிரித்தார்கள். கஜபதியும் மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரித்தார்.

"திங்கக்கிழமை புதுப் படத்துக்கு ரோப் ஷாட் இருக்கு," என்றார் ராயப்பன். "வர்றல்ல? வேற ஆளுன்னா கைக்குப் பழக்கணும், நாளாவும்."

"வர்றேண்ணே."

யோசிக்காமல் வந்துவிட்டது. சொன்ன பிறகுதான் அம்பத்தூர் ஞாபகம் வந்தது. வந்ததே தவிர, சொன்னதைத் திருப்பி வாங்க மனசு வரவில்லை.

மாஸ்டர் சற்றுத் தள்ளி நின்று டீயை ஆற்றிக்கொண்டிருந்தார். கஜபதி அவரிடம் போனார்.

"பதினொரு வருஷம் மாஸ்டர். மேல தொங்கும்போது ஒரு தடவைகூட நான் இவங்க பக்கம் திரும்பிப் பாத்ததில்ல."

"பாத்திருந்தா விழுந்திருப்ப," என்றார் மாஸ்டர். "இப்போ தரையிலதானே நிக்கிற. பாரு."