அடியில் கரி இல்லாத சட்டி

மருதங்காட்டு மன்னர் மழவராயரிடம் எல்லாம் இருந்தது, பழம்பெருமை ஒன்றைத் தவிர. அந்தக் குறை தீர்ந்த நாளில்தான் மந்திரி நல்லாண்டைக்கு வேலை வந்தது.

ஏரிக்கு மண் வெட்டியபோது, தாழிகள் புதைந்த மேட்டில் ஒரு பழங்காலப் பாண்டம் அகப்பட்டது. அடியெல்லாம் ஓட்டை. ஆஸ்தானப் புலவர் திருவம்பலர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அடியில் கரியே இல்லை, மகாராஜா! அடுப்பே காணாத பாத்திரம். தங்கள் ஆதி முன்னோர் முடிசூடியபோது ஆயிரம் தாரையாய் நீர் பொழிந்த அபிஷேகக் கலம் இதுதான்!"

சபை தலையாட்டியது. வேடிக்கை பார்க்க வந்த குயத்தி சடைச்சி மட்டும் சிரித்துவிட்டாள்.

"சாமி, இது பிட்டுச் சட்டிங்க. கீழ்ப்பானையில தண்ணி கொதிக்கும். இது மேல உக்காந்து ஆவி வாங்கும். கரி எப்படிப் பிடிக்கும்?"

மன்னரின் முகம் கறுத்தது. முன்னோரின் கலத்தை அடுக்களைச் சட்டி என்றவள், அதே கலத்தால் மன்னருக்கு நடக்கவிருக்கும் அபிஷேகம் முடிந்ததும் நாட்டை விட்டு வெளியேற வேண்டும். அதுதான் தீர்ப்பு.

"சூளை மூட்டியிருக்கேன் சாமி, பிரிக்கவாவது விடுங்க" என்று அழுதாள் சடைச்சி.

நல்லாண்டை அவளுக்காக வாதாடவில்லை. மன்னரிடம் வாதாடி ஜெயித்தவர்கள் யாரையும் அவர் அந்த ஊரில் மறுபடி பார்த்ததில்லை. கைகட்டி ஒன்று மட்டும் கேட்டார்.

"அபிஷேகத்துக்கு முன் கலத்தை ஆவியில் சுத்தி செய்ய வேண்டும், பிரபு. அந்தப் பொறுப்பு எனக்கு."

"செய்யும்."

அபிஷேக நாள் வந்தது. முதல்நாள் முதலே மன்னர் பட்டினி விரதம்; புலவரும்தான். முகூர்த்தமோ உச்சிப்பொழுதில். காலையிலேயே மண்டபத்தின் பின்னாலிருந்து தேங்காய்ப்பூவும் வெல்லமும் ஏலக்காயுமாக மணம் வந்தது.

"என்னய்யா அது?"

"பிட்டு, பிரபு. விரதத்துக்குத் தோஷமில்லை என்பார்கள்."

மன்னர் புலவரைப் பார்த்தார். புலவர் எச்சிலை விழுங்கிக்கொண்டு, "சாஸ்திரம் தடுக்கவில்லை" என்றார்.

மூன்று தட்டு உள்ளே போன பிறகுதான் மன்னருக்குப் பேச்சு வந்தது. "பூப்போல இருக்கிறதே! எதில் அவித்தீர்?"

"அபிஷேகக் கலத்தில்தான். சுத்தி செய்ய ஆவி ஏற்றினேன். ஆவி வீணாவானேன் என்று கொஞ்சம் மாவு போட்டேன்."

மன்னரின் கை தட்டிலேயே நின்றது. "என் முன்னோரின் கலத்திலா!"

"பிட்டுச் சட்டி என்று சொன்னவள் நாட்டை விட்டுப் போகிறாள், பிரபு. அவித்த நானும் மூட்டை கட்டிவிட்டேன். மூன்று தட்டு சாப்பிட்டவர் எங்களோடு வருகிறாரா, தனியாகப் போகிறாரா என்பதுதான் தெரியவில்லை."

மன்னர் வெல்லம் ஒட்டிய விரலைப் பார்த்தார். பிறகு விலா நோகச் சிரித்தார். சடைச்சி சூளைக்குத் திரும்பினாள். மன்னரின் மோதிரம் நல்லாண்டையின் விரலுக்கு வந்தது.

புலவர் மட்டும் அசரவில்லை. "ஆதி முன்னோர் பிட்டு உண்டுதான் முடிசூடினார் என்று அபிஷேகத்துக்கு எழுதிய பாட்டை மாற்றிவிடுகிறேன், மகாராஜா" என்றபடி, இரண்டாம் தட்டுக்குக் கை நீட்டினார்.