ஒரு மடிக்கு ஒரு பிள்ளை

இன்னும் கிட்ட வந்து உட்காருங்க. தொண்டை கட்டிக்கிடக்கு, சத்தமாச் சொல்ல முடியாது.

ஆற்றுக்கு அந்தக் கரையில் போர் வரப்போகிற நேரம். அங்கேயிருந்த தாய்மார்கள் பிள்ளைகளை மட்டும் ஓடத்தில் ஏற்றி இந்தக் கரைக்கு அனுப்பினார்கள். இங்கே ராஜா போட்ட உத்தரவு வேறு. இந்தப் பக்கம் சொந்தம் இருக்கிற பிள்ளையை விடு, இல்லாததைத் திருப்பி அனுப்பு, பொழுது அடைந்தால் துறையை மூடு.

துறைக்குப் பக்கத்தில் மடம் வைத்திருந்தவர் பொட்டல்சாமி. அவர் காது குத்துகிற பத்தரைக் கூட்டி வந்து படித்துறையில் உட்காரவைத்தார். ஊர் ஆட்களைக் கூப்பிட்டார். ஆளுக்கொரு பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டார்கள். பத்தர் காதைக் குத்தினார். மடியில் வைத்துக் காது குத்தினவனைத் தாய்மாமன் இல்லை என்று யார் சொல்ல முடியும்?

காவல்காரன் வீரணனுக்கு எல்லாம் புரிந்துதான் இருந்தது.

"ஒரு மடிக்கு ஒரு பிள்ளைதான் சாமி. ஒருத்தனே ஊருக்கெல்லாம் மாமனாக முடியாது."

"சரிப்பா."

விடிந்ததிலிருந்து இதே வேலை. பத்தருக்கு விரல் மரத்துப்போனது. பிள்ளைகளுக்கு அழக்கூடத் தெம்பில்லை.

உப்பு விற்கிற சடையன் முனகினான். "பொம்பளப் பிள்ளையாக் குடுத்திட்டீங்களே சாமி. நாளைக்குச் சீர் கேட்டு வாசல்ல நிக்குமே!"

"நிக்கட்டும்டா. உயிரோட நிக்கட்டும்."

சாமியிடம் காவி வாங்கிக் கட்டிய சீடர் மெய்யப்பன், தலை நரைத்தவர், எதிலும் சேராமல் தள்ளியே நின்றார்.

"பொய் ஆகாதுன்னு எனக்குச் சொன்னது நீங்கதானே சாமி?"

"ஆமா."

"அப்ப இது என்ன?"

"காதுகுத்து. ரத்தம் வருது பாரு."

பொழுது சாய்ந்தது. மாமன்மார் எல்லாம் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள். அப்போதுதான் கடைசி ஓடம் வந்தது. அதில் ஒரு சின்னப் பெண். பேர் கேட்டும் பேசவில்லை.

"இதுக்கு யாரு?" என்றான் வீரணன். "யாருமில்லேன்னா ஓடம் திரும்பட்டும்."

சாமி படியில் உட்கார்ந்தார். "கொண்டா இங்கே."

"நீங்க துறவி சாமி. பெத்தவங்களையே தலைமுழுகினவரு. உங்களுக்கு ஏது அக்கா தங்கச்சி?"

சாமி தோளில் கிடந்த காவியை உருவினார். மெய்யப்பன் கையில் கொடுத்தார்.

"இப்ப?"

வீரணன் விலகி வழிவிட்டான். பத்தர் ஊசியை எடுத்தார். பிள்ளை வீறிட்டு அழுது, சாமியின் நெஞ்சைக் கட்டிக்கொண்டது.

மெய்யப்பன் கையிலிருந்த காவியையே பார்த்தார். "இத்தனை வருஷத் துறவு, சாமி..."

ஓடக்காரன் கத்தினான். "இன்னொண்ணு இருக்கு சாமி! பாய்க்கு அடியில தூங்கிக் கிடக்கு!"

வீரணன் மேற்கே பார்த்தான். பத்தர் மெய்யப்பனைப் பார்த்தார்.

சாமி, மடியில் பிள்ளையோடு கொஞ்சம் நகர்ந்து, படியில் இன்னொருத்தர் உட்கார இடம் விட்டார்.